பனிக்கடலின் பழைய கணக்கு

ஆர்க்டிக் கடலின் பனி சுருங்கி வருவதை உலகம் அறியும். 1979 செப்டம்பரில் சுமார் 70 லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்பில் இருந்தது, 2012 செப்டம்பரில் சுமார் 34 லட்சமாகக் குறைந்தது. ஆனால் செயற்கைக்கோள்கள் இதைத் தொடர்ந்து அளக்கத் தொடங்கியதே 1978-ன் பிற்பகுதியில்தான். அதற்கு முன்பும் பனி இப்படிக் கூடிக் குறைந்திருக்கலாமே என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நியாயமான கேள்விதான். அதற்கு விடை தேட, பழைய கப்பல்களின் குறிப்பேடுகளைப் புரட்ட வேண்டியிருக்கிறது.

காற்றின் திசை, வேகம், காற்றழுத்தம், வெப்பம், கண்ணில் பட்ட பனி ஆகியவற்றை மணிக்கு மணி எழுதி வைப்பது அக்காலக் கடற்படைக் கப்பல்களில் கட்டாயக் கடமை. நண்பகலில் கப்பல் நிற்கும் இடமும் குறிக்கப்படும். நாள்தோறும் ஒரே பதிவேட்டில் ஒரே மாதிரி எழுதிச் சலித்த குமாஸ்தாக்களுக்கு அந்த வேலையின் சுவை தெரியும்!

1879-ல் சான்பிரான்சிஸ்கோவிலிருந்து 33 பேருடன் புறப்பட்ட 'ஜெனட்' என்னும் அமெரிக்கக் கப்பல், செப்டம்பரில் ஹெரால்டு தீவின் அருகே பனியில் சிக்கியது. 21 மாதங்கள் பனியோடு மிதந்து, 1881 ஜூனில் நொறுங்கி மூழ்கியது. அத்தனை மாதங்களிலும் குறிப்பு எழுதுவது நிற்கவில்லை. கப்பல் போன பிறகும், கேப்டன் டி லாங்கின் ஆட்கள் படகுகளோடும் உணவோடும் அந்த ஏடுகளையும் பனிமேல் இழுத்துச் சென்றனர். சைபீரியாவில் லீனா நதியின் கழிமுகத்தை அடைந்ததும் அவற்றைக் கரையில் வைத்துவிட்டு உதவி தேடி நடந்தனர். டி லாங் உள்பட 20 பேர் மாண்டனர். உயிர் தப்பிய பொறியாளர் மெல்வில் தேடிப் போய் ஏடுகளை மீட்டார். அக்கப்பல் சிக்கிய இடத்தில் இப்போது பெரும்பாலான ஆண்டுகளில் செப்டம்பரில் பனியில்லாத தண்ணீர்தான். அந்தப் பதிவு இல்லாவிட்டால் இந்த ஒப்பீட்டுக்கே இடமில்லை.

2010-ல் பிரிட்டனில் தொடங்கிய 'ஓல்டு வெதர்' திட்டம், இத்தகைய ஏடுகளைப் படிக்கும் வேலையைப் பொதுமக்களிடமே ஒப்படைத்தது. 2012-லிருந்து ஆர்க்டிக் சென்ற அமெரிக்கக் கப்பல்களின் ஏடுகளும் அதில் சேர்ந்தன. பழைய கையெழுத்தை ஊதியமின்றிப் படித்து எழுதித் தந்தவர்கள் பல்லாயிரம் பேர். ஒரே பக்கத்தைப் பலர் படித்து ஒப்பிட்டதால் பிழைகள் களையப்பட்டன.

கப்பல் போகாத இடத்துக்குக் குறிப்பு இல்லை என்பது உண்மை. குளிர்கால மாதங்களுக்குக் கிடைப்பதும் சொற்பமே. ஆகவே, கிடைத்ததை வீணாக்கலாகாது. காப்பகங்களில் மை மங்கிக்கொண்டிருக்கும் ஏடுகளைப் படமெடுக்கவும் படிக்கவும் சம்பந்தப்பட்ட அரசுகள் பணம் ஒதுக்கத் தயங்கக் கூடாது.