வெறுங்கையனின் வீரம்

1942 ஏப்ரல் 4ஆம் நாள், கொக்கலையிலிருந்து பறந்த கனேடிய விமானி லெனாட் பேர்ச்சல், இலங்கையை நோக்கி வந்த ஜப்பானியக் கடற்படையைக் கண்டு செய்தியனுப்பினார். அவரது விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. ஒன்பதின்மருள் மூவர் மாண்டனர், எஞ்சியோர் சிறைப்பட்டனர். மறுநாள் கொழும்பு தாக்கப்பட்டது. எனினும் எச்சரிக்கை முந்திவிட்டது. 'இலங்கையின் இரட்சகர்' என அவரை உலகம் போற்றியது.

அப்புகழுக்கு அவர் உரியவரே. ஆயின் அதனினும் பெரிய செயலொன்று சிறைமுகாமில் நிகழ்ந்தது. 1944இல், நோயுற்ற கைதிகளை வேலைக்கு ஏவியபோது, அவர்களை விடுவிக்கும்வரை எவரும் வேலை செய்யலாகாதெனக் கட்டளையிட்டார். அடியும் தனிச்சிறையும் அவருக்குப் பரிசாயின. 1945இல் விடுதலையுற்று, 1963 முதல் 1967 வரை கனடாவின் றோயல் இராணுவக் கல்லூரிக்குத் தலைமை தாங்கி, 2004இல் மறைந்தார்.

ஆயுதம் கையிலிருக்கையில் தலைவராதல் எளிது. வெறுங்கையோடு நின்று, தம்மை நம்பினோர்க்காக அடி தாங்குபவரே தலைவர். இத்தீவு அவரை நினைக்கும்போது இதனையும் நினைப்பதாக!