சீமெந்து முற்றமும் குசினித் தோட்டமும்

கமக்காரர் கட்டும் புதுவீடுகளிலும் வளவு முழுவதும் சீமெந்து இடும் வழக்கம் பரவி வருகின்றது. வீட்டைத் திருத்துதல் நன்றே. ஆயின் மண்ணை மூடுதல் திருத்தமாகாது என்பதே எமது கருத்து.

ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லாத யாழ்ப்பாணக் குடாநாட்டில், மழைநீரே நிலத்தினுள் இறங்கிச் சுண்ணாம்புப் பாறையில் தங்கிக் கிணறுகளில் ஊறுகின்றது. மாரிமழையை ஒழுங்கைக்கு வழிந்தோடவிட்டு, கோடையிற் கிணறு வற்றியதென வருந்துவதிற் பயனில்லை.

மண்முற்றம் சேறாகும் என்பர் சிலர். நடைபாதைக்கு மட்டும் சீமெந்திட்டு, ஏனைய இடத்தில் மணலோ சல்லிக்கல்லோ பரப்பினால் சேறும் நீங்கும், நீரும் உள்ளிறங்கும்.

குசினிப்புறத்தை மண்ணாகவே விடுக. பாத்திரங்கள் கழுவிய நீரைக் கிணற்றடியில் தேங்கவிடாது, தூரத்தேயுள்ள வாழைக்குச் சிறு வாய்க்காலாற் செலுத்தலாம். வேலியோரம் முருங்கையும் ஈரமான அரைநிழலில் வல்லாரையும் நன்கு வளரும். முன்னரே சீமெந்து இட்டுவிட்டோர், அடியில் துளையுள்ள சாடிகளிற் கூட்டெருக் கலந்த மண்ணை நிரப்பி, விறாந்தையில் வெயில்படும் ஓரத்தில் மிளகாயும் கத்தரியும் நடலாம். சாடித் தட்டுகளில் நீர் தேங்கின் டெங்கு நுளம்பு பெருகுமாதலால், அவற்றை வாரந்தோறும் தேய்த்துக் கழுவுதல் வேண்டும்.

2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் உணவுப் பொருள்களின் விலை ஏறியபோது, வீட்டுத் தோட்டத்தின் பெறுமதி நன்கு புலனாயிற்று. வயலில் நெல்லும் தோட்டத்தில் வெங்காயமும் விளைவிப்பவர், ஒரு பிடி கீரைக்குக் கடையை நாடுதல் அழகன்று. சாந்து குழைக்குமுன் இதனை வீட்டாருடன் கலந்து ஆலோசிப்பீராக.