தரை வழியே போனால் என்ன?

பாங்காக், சிங்கப்பூர், அங்கோர் வாட் என்று சுற்றிவிட்டு வந்தவர்கள் இப்போது தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள். சந்தோஷமான விஷயந்தான். ஒரு காலத்தில் காசிக்குப் போய் வந்தவரைப் பார்க்கத் திண்ணையில் கூட்டம் கூடும். இன்றைக்குக் கம்போடியாவுக்குப் போய் வந்தவரை ஏனென்று கேட்பாரில்லை. கேட்காவிட்டாலும் அவர் சொல்லுவார். சொல்லும்போது தவறாமல் ஒரு புத்திமதியையும் சேர்த்துக் கொடுப்பார்: "அங்கேயெல்லாம் தரை வழியாக மட்டும் போகாதீர்கள், சார். எல்லையில் ஒரே தொந்தரவு. விமானம் சல்லிசு. ஒரு மணி நேரத்தில் கொண்டுபோய் இறக்கிவிடுவான்."

இந்தப் புத்திமதியோடுதான் எனக்குச் சண்டை.

விமானத்தின் மேல் எனக்கு விரோதம் ஒன்றுமில்லை. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறி மலாயாவில் இறங்கின காலம் 1980களோடு போயிற்று. வங்காள விரிகுடாவை நான் நீந்திக் கடக்க முடியாது, பறந்துதான் ஆகவேண்டும். ஆனால் அக்கரையில் காலை வைத்த பிறகும் எதற்காகப் பறக்கவேண்டும்? சிங்கப்பூரின் வடகோடியிலிருந்து மலேசியாவின் ஊடே பாங்காக்குக்கும், அங்கிருந்து லாவோஸின் தலைநகரான வியந்தியானுக்கும் தண்டவாளம் கிடக்கிறது. நடுவில் சில இடங்களில் வண்டி மாறவேண்டும், அவ்வளவுதான். அதுவும் மீட்டர் கேஜ் பாதை. நம் பக்கத்துச் சின்ன ரயிலில் ஊர் ஊராகப் போனவர்களுக்கு அந்த ஆட்டமும் சத்தமும் பழைய உறவைப் போல இருக்கும்.

நேரக் கணக்கை முதலில் பார்த்துவிடுவோம். கோலாலம்பூரிலிருந்து சிங்கப்பூருக்கு விமானம் ஒரு மணி நேரந்தான் பறக்கிறது. வாஸ்தவம். முன்னும் பின்னும் ஆகிற நேரத்தை யார் கணக்கில் எழுதுவது? விமான நிலையம் ஊரிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர் தள்ளிச் சிப்பாங்கில் இருக்கிறது. போய்ச் சேர ஒரு மணி. இரண்டு மணி முன்னதாகவே வந்துவிடு என்று உத்தரவு. பெல்ட்டைக் கழற்று, பையைத் திற, தண்ணீரைக் கொட்டு என்று ஒரு சடங்கு. இறங்கின பிறகு பெட்டி வரும்வரை சுழலும் பட்டையைப் பார்த்துக்கொண்டு ஒரு தவம். ஐந்து மணி நேரம் போயே போய்விட்டது. பாலத்தில் நெரிசல் இல்லாத நாளில் பஸ்ஸும் ஏறக்குறைய அதே நேரத்தில் கொண்டுபோய் விட்டுவிடுகிறது. பாங்காக்குக்கும் சிங்கப்பூருக்கும் இந்தக் கணக்கு நிற்காது. விமானம் இரண்டரை மணியில் போகிற தூரத்துக்கு ரயிலில் இரண்டு நாள் வேண்டும். விடுமுறைக்குப் போகிறவருக்கு இரண்டு நாளில் என்ன குடி முழுகிவிடும் என்று எனக்கு விளங்கவில்லை.

சல்லிசு என்கிற வாதத்துக்கு வருகிறேன். 2001இல் மலேசியாவில் டோனி பெர்னாண்டஸ் என்பவர் கடனில் மூழ்கிக் கிடந்த ஏர் ஏஷியாவை ஒரு ரிங்கிட்டுக்குக் கடனோடு சேர்த்து வாங்கினார். இனி எல்லாரும் பறக்கலாம் என்று பலகை எழுதினார். டிக்கட் விலை விழுந்தது. அவருடைய சாமர்த்தியத்தைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் சல்லிசுக்குப் பின்னால் வேறொரு சங்கதியும் இருக்கிறது. 1944இல் சிகாகோவில் ஏற்பட்ட ஒப்பந்தமும், அதன் வழியில் நாடுகள் தங்களுக்குள் செய்துகொண்ட உடன்படிக்கைகளும், வெளிநாடு செல்லும் விமானத்தின் எண்ணெய்மீது வரி விழாமல் காப்பாற்றி வருகின்றன. எல்லை வரைக்கும் ஓடுகிற பஸ்காரனுக்கு அப்படி ஒரு சிகாகோ கிடையாது. பந்தயத்தில் ஒருவனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டு, "பார், எவ்வளவு வேகம்!" என்கிறோம்.

இது போகட்டும். பணம் சம்பந்தப்பட்டது, அதில் எப்போதும் நியாயம் இருக்கும் என்று நான் எதிர்பார்ப்பதில்லை. அரசாங்கங்கள் செய்கிற ஓரவஞ்சனைதான் எனக்கு ஆறவில்லை.

2008 நவம்பரில் தாய்லாந்து ஒரு விதி போட்டது. விஸா இல்லாமல் நுழையலாம் என்ற சலுகை பெற்ற நாடுகளின் பிரஜை விமானத்தில் வந்து இறங்கினால் 30 நாள் தங்கலாம். அதே ஆசாமி, அதே பாஸ்போர்ட்டோடு, தரை வழியாக வந்தால் 15 நாள். மேலேயிருந்து வந்தால் விருந்தாளி. நடந்து வந்தால் சந்தேகப் பேர்வழி. 2013இல் ஏழு பணக்கார நாடுகளுக்கு மட்டும் இதைத் தளர்த்தினார்கள். 2016 டிசம்பர் 31இல் சலுகை பெற்ற மற்றவர்களுக்கும் 30 நாள் ஆக்கிவிட்டு, தரை வழியாக வந்தால் வருஷத்துக்கு இரண்டே தடவை என்று ஒரு முடிச்சும் போட்டார்கள். எல்லைக்கு அப்பால் ஒரு காலை வைத்துவிட்டுத் திரும்பி வந்து மாதக்கணக்காகத் தங்குகிறவர்களைத் தடுப்பதற்கு என்று காரணம் சொன்னார்கள். அப்படிப்பட்டவர்கள் உண்டு, நானே பார்த்திருக்கிறேன். ஆனால் அதே தந்திரத்தைப் பணமுள்ளவன் விமானத்தில் போய்ச் செய்தபோது அவனுக்கு அந்த இரண்டு தடவைக் கணக்கு இருக்கவில்லை. குற்றம் ஒன்றே, வாகனம் வேறு!

லாவோஸ், கம்போடியா, வியட்நாம் மூன்றும் கணினி வழியாக விஸா கொடுக்கத் தொடங்கின. நல்ல ஏற்பாடு. ஆனால் அந்த விஸாவைத் தரையில் எல்லா வாசல்களிலும் மதிப்பதில்லை; குறிப்பிட்ட சில எல்லைச் சாவடிகளில்தான் செல்லும். பெரிய விமான நிலையத்துக்கு அந்தக் கவலை கிடையாது. எல்லையில் தொந்தரவு என்கிறார்களே, அந்தத் தொந்தரவு மழையைப் போல வானத்திலிருந்து விழவில்லை. ஒரு அலுவலகத்தில் உட்கார்ந்து யாரோ அதை எழுதினார்கள்.

எழுதியவர்களின் மனத்தில் இருந்த எண்ணம் எது என்று நான் ஊகிக்கிறேன். தரை வழியே எல்லை கடக்கிறவர்கள் பெரும்பாலும் ஏழைகள்.

ஜோகூருக்கும் சிங்கப்பூருக்கும் நடுவே, 1924இல் திறந்துவைத்த ஒரு கிலோமீட்டர் நீளக் கடற்பாலத்துக்கு விடியற்காலை ஐந்து மணிக்குப் போய் நின்று பாருங்கள். தினம் 3 லட்சம் பேருக்கு மேல் தாண்டுகிறார்கள் என்று கணக்கு. அந்த நேரத்தில் போகிறவர்களில் மிகுதியானவர்கள் ஜோகூரில் தூங்கிவிட்டுச் சிங்கப்பூரில் உழைக்கப் போகிற மலேசியர்கள். மோட்டார் சைக்கிள்கள் மழைக் கோட்டோடு வரிசையாக உறுமிக்கொண்டு நிற்கின்றன. தமிழ் முகங்களுக்கும் குறைவில்லை. நாள் தவறாமல் இரண்டு தேசத்தின் முத்திரை விழுந்து விழுந்து பாஸ்போர்ட்டின் ஏடுகள் தீர்ந்துபோன காலம் அவர்களுக்கு உண்டு. சுற்றுலாப் பிரசுரங்களில் இவர்கள் படம் வருவதில்லை.

பாடாங் பெசார் என்று ஒரு ரயில் ஸ்டேஷன், மலேசியாவுக்கும் தாய்லாந்துக்கும் நடுவே. ஒரே கட்டடத்துக்குள் இரண்டு தேசத்து அதிகாரிகளும் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு ஜன்னலில் மலேசியாவை விட்டுப் புறப்பட்டு, சில அடி தூரத்திலேயே இன்னொரு ஜன்னலில் தாய்லாந்துக்குள் நுழையலாம். 2024இல் நான் அங்கே வரிசையில் நின்றபோது எனக்கு முன்னால் ஒரு பெண். இருபத்தைந்து வயதிருக்கும்; தலையில் முக்காடு. தாய்லாந்தின் தென்கோடியில் மலாய் பேசுகிற குடும்பம். கோலாலம்பூரில் ஒரு டோம்யாம் கடையில் சமையல் வேலை. விஸா இல்லாமல் தங்கக்கூடிய முப்பது நாள் முடிகிறது. முத்திரை வாங்கிக்கொண்டு, அம்மாவை ஒரு ராத்திரி பார்த்துவிட்டுத் திரும்பவேண்டும் என்றாள். கையில் அம்மாவுக்கு ஒரு டின் பிஸ்கோத்து. அதிகாரி ஏடுகளைப் புரட்டினார், அவளைப் பார்த்தார், மறுபடி புரட்டினார். அவள் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. மாதா மாதம் பழகிய முகம். பின்னால் வந்த என்னை அவர் அரை நிமிஷத்தில் அனுப்பிவிட்டார். அவள் சமைத்ததை மலேசியா முழுவதும் சப்புக்கொட்டிச் சாப்பிடுகிறார்கள். விமானத்தில் போகிறவருக்கு டோம்யாம் தெரியும், இவளைத் தெரியாது.

தாய்லாந்திலிருந்து கம்போடியாவுக்குள் நுழைகிற போய்பெட்டில் 2019இல் நான் கண்டதோ வேறு ரகம். இரு நாட்டுச் சாவடிகளுக்கும் இடையேயுள்ள துண்டு நிலத்தில் பளபளவென்று சூதாட்ட மாளிகைகள். தாய்லாந்தில் சூதாட்ட மாளிகைக்குச் சட்டத்தில் இடமில்லை. ஆகவே எல்லையைத் தாண்டியதும் தாண்டாததுமாக ஒரு நந்தவனம். அதன் வாசலோடு, ஆள் உயரத்துக்கு மேல் மூட்டை அடுக்கிய கட்டை வண்டிகளை ஆண்களும் பெண்களும் மாடுகளைப் போல இழுத்துப் போகிறார்கள். சாவடிக்கு முன்னாலேயே, "கம்போடிய அலுவலகம்" என்று ஒரு கட்டடத்தில் வண்டிக்காரன் நம்மை இறக்கிவிடப் பார்ப்பான். உள்ளே கோட்டு போட்ட கனவான் விஸாவுக்கு இரட்டை விலை சொல்லுவார். ஐரோப்பிய வாலிபர் இருவர் அங்கே பணத்தை எண்ணிக்கொண்டிருந்தார்கள். நான் இறங்காமல் நேரே சாவடிக்கு விடச் சொன்னேன். வண்டிக்காரனுக்கு வருத்தந்தான், அவன் தரகு போயிற்று.

தொந்தரவு இல்லையா என்றால், உண்டு. அதை மறைத்து நான் யாருக்கும் டிக்கட் விற்கவில்லை. ஆனால் ஒரு தேசத்தின் பணமும் பசியும் எங்கே ஒன்றையொன்று உரசுகின்றன என்பது அந்த அரை மைலில் தெரிந்ததுபோல எனக்கு வேறெங்கும் தெரிந்ததில்லை. நம் பிரயாணக் கட்டுரைகளில் பாதி விமானப் பணிப்பெண்ணின் புன்னகையில் ஆரம்பித்து, ஓட்டல் ஜன்னலில் தெரிந்த சூரியாஸ்தமனத்தில் முடிந்துவிடுகின்றன. எழுதியவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்கள் போன வழியில் அவ்வளவுதான் இருந்தது.

தமிழன் இந்த விஷயத்தில் கொஞ்சம் ஞாபகசக்தியோடு பேசவேண்டும். இந்த எல்லைகளை நம்மவர்கள் காலால் அளந்திருக்கிறார்கள். 1941 டிசம்பரில் ஜப்பான்காரன் ரங்கூனில் குண்டு போட்ட பிறகு, கப்பலிலும் விமானத்திலும் இடம் கிடைத்தவர்கள் அவற்றில் போனார்கள்; கிடைக்காத லட்சக்கணக்கான இந்தியர்கள் அரக்கான் வழியாகவும் மணிப்பூர் மலைகள் வழியாகவும் நடந்தார்கள். வழியில் விழுந்தவர்களுக்குச் சரியான கணக்கு இல்லை. 1942-43இல் சயாமுக்கும் பர்மாவுக்கும் நடுவே 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட மலாயா தோட்டங்களிலிருந்து தமிழர்களை வாரிக்கொண்டு போனார்கள், பெரும்பகுதி திரும்பவில்லை. அந்தப் பாதையின் மிச்சத்தில் இன்றைக்கும் பாங்காக்கிலிருந்து காஞ்சனபுரி வழியாக நாம் தோக் வரை ரயில் ஓடுகிறது. 1962க்குப் பிறகு நே வின் ஆட்சியில் பர்மாவை விட்டுக் கப்பலில் சென்னைக்கு வந்து சேர்ந்தவர்களில் சிலர், இங்கே பிழைக்க வழி காணாமல், தரை வழியாகவே திரும்பிப் போகப் பார்த்தார்கள். மணிப்பூரின் எல்லையில் தடுத்துவிட்டார்கள். தடுத்த இடத்திலேயே குடியேறினார்கள். மோரே என்ற அந்த ஊரில் அங்காளபரமேஸ்வரிக்குக் கோயில் கட்டியிருக்கிறார்கள்.

விமானத்தில் போகவேண்டிய சந்தர்ப்பமும் உண்டு. 2021 பிப்ரவரியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு பர்மாவில் மூண்ட சண்டையைத் தெரிந்துகொண்டு, "மியாவடி வழியாகப் போ" என்று நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். நோயாளி, கைக்குழந்தைக்காரி, மூன்று நாள் லீவில் போகிறவர், இவர்களோடும் எனக்கு வழக்கில்லை. 2025இல் தாய்லாந்துக்கும் கம்போடியாவுக்கும் தகராறு முற்றியது. ஜூனில் எல்லை வாசல்கள் அடைபட்டன, ஜூலையில் ஐந்து நாள் பீரங்கிச் சண்டை, டிசம்பரில் மறுபடியும். பல லட்சம் கம்போடியத் தொழிலாளர்கள் மூட்டை முடிச்சோடு ஊர் திரும்பினார்கள். அப்போது போய்பெட்டுக்குப் போவேன் என்று பிடிவாதம் பிடிப்பது அசட்டுத்தனம். ஆனால் ஒன்றைக் கவனித்தீர்களா? வாசலைச் சாத்தின அந்த நாட்களிலும் பாங்காக்குக்கும் நோம் பென்னுக்கும் நடுவே விமானங்கள் பறந்துகொண்டுதான் இருந்தன. இரண்டு அரசாங்கங்களும் ஜன்ம விரோதிகளாக நின்றபோதுகூட, டிக்கட் வாங்கியவருக்கு வழி இருந்தது. கட்டை வண்டி இழுத்தவருக்குத்தான் இல்லை.

இவ்வளவுக்குப் பிறகும் போகத் துணிகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. பாங்காக்கில் பிற்பகலில் ஏறினால் மறுநாள் காலை பாடாங் பெசார். படுக்கை வண்டியில் கீழ்த்தட்டைக் கேளுங்கள். விலை கொஞ்சம் கூடுதல், ஆனால் ஜன்னல் உங்களுடையது. இரண்டு நாட்டுச் சில்லறையும் கையில் இருக்கட்டும். சாவடிக்கு வெளியே யார் கேட்டாலும், எவ்வளவு பெரிய தொப்பி போட்டிருந்தாலும், பாஸ்போர்ட்டைக் கொடுக்காதீர்கள். மலேசியாவின் கடிகாரம் தாய்லாந்தைவிட ஒரு மணி முந்தியது. ஸ்டேஷன் ஒன்றுதானே என்று பழைய மணியைப் பார்த்துக் காப்பி குடித்துக்கொண்டிருந்தால் அடுத்த வண்டி உங்களை விட்டுவிட்டுப் போய்விடும். இறங்கும்போது கைக்கடிகாரத்தைத் திருப்பி வையுங்கள். மற்றதையெல்லாம் எதிர் இருக்கைக்காரர் சொல்லுவார்.