லத்தீனுக்காகவா இந்தச் சண்டை?

பாளையங்கோட்டை போய் வந்த நண்பர் கேட்டார்: "அங்கே பத்தாம் பத்திநாதர் சபைச் சாமியார்கள் பழைய லத்தீன் பூசை வைக்கிறார்கள். ரோமாபுரி இவர்களோடு சமாதானமாகப் போனால் என்ன?"

போகாமலா இருக்கிறது? 1988-ல் பேராயர் லெபெவ்ர், பாப்பரசர் அனுமதியில்லாமல் நான்கு ஆயர்களை அபிஷேகம் செய்து சபை விலக்குக்கு ஆளானார். 2007-ல் பதினாறாம் பெனடிக்ட் பழைய பூசைக்குத் தாராளமாக வழிவிட்டார். 2009-ல் அந்த நால்வரின் விலக்கை நீக்கினார். 2015-ல் பிரான்சிஸ், அவர்களிடம் செய்யும் பாவசங்கீர்த்தனம் செல்லும் என்றார். 2021-ல் அவரே லத்தீன் பூசைக்குக் கட்டுப்பாடு போட்டது, கீழ்ப்படிந்து நடந்தவர்களையும் சேர்த்துக் காயப்படுத்தியது. அதில் எனக்கும் வருத்தம்தான்.

ஆனால் சண்டை லத்தீனோடு நிற்கவில்லை. இரண்டாம் வத்திக்கான் சங்கம் மத சுதந்திரம் பற்றிச் சொன்னதே தவறு என்கிறார்கள். சேவுகப்பெருமாள் தேருக்கு ஊரே கூடும் சிங்கம்புணரியில் இருந்துகொண்டு நான் அதற்குத் தலையாட்டவா?

சிறுவயதில் நானும் பூசைக்கு உதவி செய்தவன். லத்தீன் மறுமொழிகள் மனப்பாடம். அர்த்தம் ஒன்றும் தெரியாது. பின்னால் அம்மா ஜெபமாலை உருட்டிக்கொண்டிருப்பார். தமிழில் பூசை வந்த ஞாயிற்றுக்கிழமை, வீடு திரும்பும் வழியில் கேட்டார்: "இத்தன வருசமா சாமி இதத்தான் சொன்னாராடா?"

பங்காளிச் சண்டையில் சமரசம் என்றால் இரண்டு வீட்டாரும் படியிறங்க வேண்டும். லத்தீனை அவர்கள் வைத்துக்கொள்ளட்டும். எங்கள் அம்மாவுக்குப் புரிந்த பூசையைப் பிழை என்று சொல்வதை நிறுத்திவிட்டு வரட்டும். வாசல் திறந்தே இருக்கிறது.