இரத்தம் கொடுக்கப் போனவருக்குச் சம்பளம் எங்கே?

இருதய நோய்க்கு மாத்திரை உண்டுகொண்டே பால் வெட்டப் போகும் தொழிலாளர்கள் நம் தோட்டங்களில் இருக்கிறார்கள். அவர்களுக்காக நிர்வாகங்களிடம் நாம் கேட்டுப் பெறவேண்டியது ஒன்று உண்டு.

நெடுநாள் இரத்தக் கொதிப்பினால் இருதயத்தின் சுவர் தடித்துப்போகும். மாரடைப்பு வந்தவருக்கோ தசையில் தழும்பு விழுந்து, அறைகள் விரிந்து, இருதயமே தளர்ந்துவிடுவதுண்டு. தளர்ந்த இருதயத்தால் இரத்தத்தைச் சரிவரத் தள்ள முடியாமற் போகவே, காலில் நீர் கோத்துக்கொள்கிறது, மூச்சு வாங்குகிறது. டாக்டர் நீர் மாத்திரை கொடுக்கிறார். அம்மாத்திரை நீரை மட்டுமா வெளியேற்றுகிறது? பொட்டாசியம், மெக்னீசியம் என்னும் உப்புச் சத்துகளையும் சிறுநீரோடு கொண்டுபோய்விடுகிறது.

இரத்தத்தில் பொட்டாசியம் லிட்டருக்கு ஏறக்குறைய 3.5 முதல் 5 மில்லிமோல் வரை இருக்கவேண்டும். வெகுவாகக் குறைந்தாலும் இருதயத் துடிப்புத் தடுமாறும், மிகுந்தாலும் தடுமாறும். நல்ல இருதயம் ஓரளவு தாங்கும். விரிந்து தழும்பேறிய இருதயத்துக்கு அவ்வளவு தாங்கும் சக்தி கிடையாது. மெக்னீசியமும் குறைந்திருந்தால், பொட்டாசியத்தைக் கொடுத்தும் அது உடலில் எளிதில் நிற்பதில்லை.

"இளநீர் குடி, வாழைப்பழம் தின்னு, சரியாப் போயிடும்" என்பது நம் லயத்து வைத்தியம். நீர் மாத்திரையால் பொட்டாசியம் இழந்தவருக்கு அது பொருந்தலாம். ஸ்பைரனோலாக்டோன் மாத்திரை உண்பவருக்கும், சிறுநீரகம் கெட்டவருக்கும் பொட்டாசியம் முன்னமே ஏறியிருக்கக்கூடும். அவருக்கு அந்த இளநீரே எமனாகலாம். ஆளைப் பார்த்து இதைச் சொல்ல முடியாது. எக்கோ படம் இருதயத்தின் உருவத்தைக் காட்டுமேயன்றி உப்பின் அளவைக் காட்டாது. இரத்தம் எடுத்துப் பார்த்தாலொழிய வேறு வழியில்லை. மாத்திரையின் அளவை மாற்றினால் ஓரிரு வாரத்தில் மறுபடியும் பார்க்கவேண்டும்.

சங்கடம் இங்கேதான் தொடங்குகிறது. 1955-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டப்படி, சேவைக் காலத்துக்கேற்ப வருடத்துக்கு 14, 18, 22 நாள் சம்பளத்துடன் நோய் விடுப்பு உண்டு. அதற்கு டாக்டரின் சர்ட்டிபிகேட் வேண்டும். இரத்தம் கொடுத்துவிட்டு வருபவர் கையிலோ பெரும்பாலும் நேரச் சீட்டுத்தான் இருக்கிறது. அதற்கு நாம் செக்ரோலில் என்ன போடுகிறோம்? 'ஆப்சென்ட்'. துரை சொல்கிறார் என்றாலும், எழுதுவது கிராணிகளாகிய நம் கைதானே! ஒரு நாள் கூலியை இழந்தவர் அடுத்த முறை போவதில்லை. பழைய மாத்திரையே பழைய அளவில் ஓடிக்கொண்டிருக்கிறது.

இருதய நோயாளியென்று டாக்டர் எழுதித் தந்தவருக்கு, நேரச் சீட்டைக் காட்டினாலே இரத்தப் பரிசோதனை நாள் சம்பள நாளாகக் கணக்கிடப்படவேண்டும். நோய் விடுப்பிலும் அது கழிக்கப்படலாகாது. அடுத்த கூட்டு ஒப்பந்தப் பேச்சில் இக்கோரிக்கை இடம்பெறவேண்டும். கிளைச் செயலாளர்கள் தத்தம் தோட்டத்தில் இவ்வாறு மருந்துண்போர் எத்தனை பேர், பரிசோதனைக்குப் போய்க் கூலி இழந்த நாள்கள் எத்தனை என்று கணக்கெடுத்து, பேச்சு தொடங்குமுன் தலைமையகத்துக்கு அனுப்பிவைப்பார்களாக. செக்ரோல் நம் மேசைமேல்தான் இருக்கிறது.