மக்கும் பை வந்தாச்சு... ஆனா நிப்பட்டு நமத்துப் போகுதே! காவேரிப்பட்டணம் வியாபாரிகளின் பேக்கிங் தலைவலி

காவேரிப்பட்டணம்: பால்கோவாவும் நிப்பட்டும் வாங்காமல் காவேரிப்பட்டணத்தை தாண்டிப் போகிறவர்கள் குறைவு. மாங்கூழ் தொழிற்சாலைகள் இன்னொரு பக்கம். தின்பண்டமும் பழக்கூழும்தான் இந்த ஊரின் கல்லாப்பெட்டி. இரண்டுக்குமே சரக்கை விட முக்கியம் அதை எதில் போட்டுக் கொடுப்பது என்பது. அங்கேதான் இப்போது சிக்கல்.

பிளாஸ்டிக் வேண்டாம், மக்கும் பொருளுக்கு மாறுங்கள் என்று அதிகாரிகள் சொல்கிறார்கள். மாறலாம், ஆனால் கட்டுப்படியாகுமா, சரக்கு தாங்குமா என்று வியாபாரிகள் கேட்கிறார்கள். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. விவகாரம் என்ன?

14 பொருட்களுக்கு தடை

2018 ஜூன் 5-ந் தேதி அப்போதைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி சட்டசபையில் தடையை அறிவித்தார். 2019 ஜனவரி 1-ந் தேதி முதல் அது அமலுக்கு வந்தது. கேரி பேக், பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப், தெர்மாக்கோல் தட்டு, தண்ணீர் பாக்கெட், உறிஞ்சு குழல், சாப்பாடு கட்டும் ஷீட் என 14 வகை பொருட்களுக்கு எந்த தடிமனாக இருந்தாலும் தடை. பால், எண்ணெய், மருந்து பாக்கெட்டுகளுக்கு விலக்கு. முறையான முத்திரை உள்ள மக்கும் பைக்கும் விலக்கு. 2019 ஜூலையில் சென்னை ஐகோர்ட்டும் இந்த தடை செல்லும் என்று சொல்லிவிட்டது.

கம்பெனியிலேயே சீல் போட்டு வரும் பாக்கெட்டுகளுக்கு முதலில் விலக்கு இருந்தது. உள்ளூர் கடைக்காரன் பைக்கு தடை, பெரிய கம்பெனி சிப்ஸ் பாக்கெட்டுக்கு சலுகையா என்று கேள்வி கிளம்பியது. 2020 ஜூனில் அந்த விலக்கையும் எடுத்து அரசாணை வந்தது. ஆனால் பெட்டிக்கடை வாசலில் சரம் சரமாக தொங்குவதைப் பார்த்தாலே நிலவரம் என்ன என்று நீங்களே புரிந்து கொள்ளலாம்.

எல்லை ஊருக்கு எக்ஸ்ட்ரா தொல்லை

ஓசூரை தாண்டினால் கர்நாடகம். அங்கே 2016 மார்ச் மாதமே தடை வந்துவிட்டது. கிட்டத்தட்ட 3 வருடம் எல்லைக்கு அந்தப் பக்கம் தடை, இந்தப் பக்கம் தாராளம். 2019-க்குப் பிறகு இரண்டு பக்கமும் தடை. இருந்தும் பை எங்கிருந்தோ வந்துகொண்டே இருக்கிறது.

காரணம் சட்டத்திலேயே இருக்கிறது. மத்திய அரசு 2022 ஜூலை 1 முதல் நாடு முழுக்க சில ஒருமுறை பிளாஸ்டிக் பொருட்களை தடை செய்தது. ஆனால் 120 மைக்ரானுக்கு குறையாத கேரி பேக்கை மத்திய விதி அனுமதிக்கிறது. தமிழ்நாட்டிலோ எந்த கேரி பேக்கும் கூடாது. வெளிமாநிலத்தில் சட்டப்படி தயாராகும் பை, இங்கே வந்து இறங்கினால் குற்றம்! 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்ததும் வணிகவரி செக்போஸ்ட்டுகளும் எடுக்கப்பட்டுவிட்டன. லாரிக்குள் என்ன இருக்கிறது என்று யார் பார்ப்பது? கடைசியில் மாட்டுவது யார்? தள்ளுவண்டிக்காரரும் பூக்கடை அம்மாவும்தான்.

'மக்கும்' என்று எழுதினால் மக்குமா?

பச்சை கலரில் இலை படம் போட்டு 'சுற்றுச்சூழலுக்கு உகந்தது' என்று அச்சடித்து விட்டால் அது மக்கும் பை ஆகிவிடாது. சில பைகள் சாதாரண பிளாஸ்டிக்கில் ரசாயனம் கலந்தவை. வெயிலில் பொடிப்பொடியாக உதிரும். உதிர்ந்த பொடியும் பிளாஸ்டிக்தான், மண்ணுக்குள்தான் போகும். இந்த வகைக்கு ஐரோப்பிய யூனியன் 2021 ஜூலையில் தடையே போட்டுவிட்டது.

உண்மையான மக்கும் பைக்கு ஐ.எஸ். 17088 என்ற தரம் உண்டு. உரக்குவியலில் 180 நாளுக்குள் 90 சதவீத கரிமம் கரியமில வாயுவாக மாற வேண்டும். சென்னை கிண்டியில் உள்ள சிப்பெட் போன்ற நிறுவனங்களில் சோதனை. பிறகு மத்திய மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் சான்று. அந்த சான்று விவரமும், தயாரித்தவர் பெயரும் பையிலேயே இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் வாங்காதீர்கள். அபராதம் உங்கள் தலையில்தான் விழும்.

இன்னொரு விஷயம் பலருக்கு தெரியாது. அந்த சோதனை சுமார் 58 டிகிரி சூட்டில் நடக்கிறது. நன்றாக கொதிக்கும் உரக்குவியலில்தான் அந்த சூடு கிடைக்கும். தென்பெண்ணை ஆற்றில் வீசினால் அதே வேகத்தில் மக்கும் என்று எந்த முத்திரையும் சொல்லவில்லை. மக்கும் பையை சாதாரண பிளாஸ்டிக் குப்பையோடு சேர்த்து மறுசுழற்சிக்கு அனுப்பினால் அந்த உருக்கும் கெட்டுப் போகும். ஆக, பை மாறினால் மட்டும் போதாது. குப்பை பிரிப்பதும் உரக்கிடங்கும் சேர்ந்து மாற வேண்டும்.

நிப்பட்டு படும் பாடு

நிப்பட்டின் உயிரே மொறுமொறுப்புதான். மாவுச்சத்து கலந்த மக்கும் படலம் வழியாக ஈரக்காற்று சாதாரண பிளாஸ்டிக்கை விட எளிதாக உள்ளே போகும். மழைக்காலத்தில் நிப்பட்டு சீக்கிரமே நமத்துவிடும். காகிதத்தில் கட்டினால் எண்ணெய் ஊறும். பழைய பேப்பரில் மடிக்கலாமா? அச்சு மை உணவில் இறங்கும் என்று உணவு பாதுகாப்பு ஆணையம் 2016-லேயே எச்சரித்துவிட்டது. பிளாஸ்டிக் பூசிய காகிதமோ தடையை இழுத்து வரும்.

விலையும் இடிக்கிறது. மக்கும் பை சாதாரண பையை விட 2, 3 மடங்கு விலை. பத்து, இருபது ரூபாய்க்கு சரக்கு விற்கிறவர் அதை எங்கே ஏற்றுவார்? அன்றன்றைக்கு விற்கும் சரக்குக்கு மந்தாரை இலையும் வாழை இலையும் போதும். பால்கோவாவுக்கு டப்பா கொண்டு வந்தால் 2 ரூபாய் தள்ளுபடி என்று கடைக்காரர்கள் போர்டு வைக்கலாம். வெளியூர் போகும் பார்சலுக்குத்தான் வழி தேட வேண்டும்.

மாங்கூழ் கதை வேறு

மாங்கூழ் டின்னில் போனால் 3.1 கிலோ. டிரம்மில் போனால் உள்ளே கிருமி நீக்கிய பை, அதில் சுமார் 215 கிலோ. அந்த பை பல அடுக்கு. பிளாஸ்டிக்கும் உலோகப் படலமும் சேர்ந்தது. காற்று புகாமல் ஒரு வருடத்துக்கு மேல் கூழை காப்பது அந்த அடுக்குகள்தான். இந்த வேலைக்கு மக்கும் பையை நம்பி இறங்க முடியாது. ஒரு பை ஓட்டையானால் 215 கிலோவும் போச்சு.

2025 சீசனில் மாங்காய் விலை அதலபாதாளத்துக்கு போய் கிருஷ்ணகிரி மாவட்ட விவசாயிகள் தெருவுக்கு வந்து போராடினார்கள். அப்படிப்பட்ட நேரத்தில் பேக்கிங் செலவு கூடினால், ஆலைகள் அதை கழிக்கப் பார்ப்பது விவசாயிக்கு கொடுக்கும் விலையில்தான். எனவே இங்கே கேட்க வேண்டியது தடையை அல்ல. காலியான பைகளை திரும்ப எடுக்கும் கட்டாயத்தைத்தான்.

நம்ம ஊர் சரக்கிலேயே வழி

மக்கும் பைக்கு வேண்டிய மாவுச்சத்து மரவள்ளியில் இருக்கிறது. தர்மபுரி, சேலம், நாமக்கல் பக்கம் மரவள்ளிக்கு பஞ்சமில்லை. மாங்கொட்டை பருப்பிலும் மாவுச்சத்து உண்டு. கூழ் ஆலைகளில் கொட்டை மலையாக குவிகிறது. விவசாயக் கழிவில் காளான் இழையை வளர்த்து தெர்மாக்கோலுக்கு மாற்றாக பேக்கிங் பொருள் செய்ததாக சென்னை ஐ.ஐ.டி. ஆராய்ச்சியாளர்கள் 2025-ல் அறிவித்தார்கள். ஓசூர் தொழிற்சாலைகள் உதிரி பாகங்களை சுற்றி அனுப்ப இது கை கொடுக்கலாம்.

அதற்காக இயற்கைப் பொருள் என்றாலே கண்ணை மூடிக்கொண்டு நம்பவும் முடியாது. பாக்கு மட்டை தட்டு உணவு பரிமாற ஏற்றதல்ல என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2025 மே மாதம் அறிவித்தது. பாக்கில் உள்ள இயற்கை ரசாயனம் உணவில் இறங்கலாம் என்பது அவர்கள் வாதம். ஏற்றுமதியை நம்பி மெஷின் போட்டவர்களுக்கு பெரிய அடி. முதலில் சோதனை, அப்புறம் முதலீடு என்பதுதான் பாடம்.

என்ன செய்ய வேண்டும்?

2021 டிசம்பரில் முதல்வராக இருந்த மு.க.ஸ்டாலின் தொடங்கிய 'மீண்டும் மஞ்சப்பை' திட்டம் கைப்பை பிரச்சினைக்கு பதில். பேக்கிங் பிரச்சினைக்கு அது பதில் ஆகாது. சிறு தின்பண்ட வியாபாரிகள் கூட்டாக சேர்ந்து சான்று பெற்ற பையை மொத்தமாக வாங்கினால் விலை இறங்கும். சோதனை செலவில் ஒரு பங்கை அரசு ஏற்கலாம். பேரூராட்சி மக்கும் பைக்கு தனி உரக்குழி வைக்கலாம். ரெய்டு கடைவீதியில் தொடங்காமல், பை வந்து இறங்கும் குடோனில் தொடங்க வேண்டும்.

இதையெல்லாம் செய்யாமல் அபராத ரசீது மட்டும் கிழித்துக்கொண்டிருந்தால், நிப்பட்டுக்கடைக்காரர் மறுபடியும் திருட்டுத்தனமாக பழைய பையைத்தான் தேடுவார். அந்த பை மழை வந்தால் சாக்கடையை அடைக்கும். அப்புறம் தென்பெண்ணையில் போய் சேரும்.