அடிமனை யாருடையது?

தியாகதுருகம் பக்கத்திலிருந்து வரும் கட்சிக்காரர் மஞ்சள் பையிலிருந்து முதலில் எடுப்பது வீட்டு வரி ரசீது. அடுத்து மின்கட்டண அட்டை. பை காலியான பிறகுதான், மடித்து மடித்து நைந்த அடிமனை வாடகை ரசீது வெளியே வரும். வழக்கறிஞர்களான நாம் முதலில் கேட்டிருக்க வேண்டியது அதைத்தான். சுவரும் கூரையும் அவர் போட்டவை. சுவர் நிற்கும் மண் வேறொருவருடையது. "மனையும் என் பேருக்கு வருங்களா?" என்பார். "மனு போட்டுப் பார்ப்போம்" என்கிறோம். இந்தப் பதிலைப் பற்றிக் கொஞ்சம் கடிந்தே பேச வேண்டியிருக்கிறது.

மனு என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது 1921-ஆம் ஆண்டின் சென்னை நகரக் குடியிருப்போர் பாதுகாப்புச் சட்டம், 9-ஆம் பிரிவு. காலி செய்யச் சொல்லி நிலத்துக்காரர் வழக்குப் போட்டால், சம்மன் கிடைத்த ஒரு மாதத்துக்குள், மனையைத் தனக்கே விற்க உத்தரவிடும்படி கேட்கலாம். வீட்டை வசதியாக அனுபவிக்கத் தேவையான குறைந்தபட்ச இடத்தைத்தான் நீதிமன்றம் அளந்து தரும்; கொல்லைப்புறம் முழுதும் வந்துவிடாது. விலை, உத்தரவுக்கு முந்தைய மூன்றாண்டுச் சந்தை மதிப்பின் சராசரி. சென்னைக்காகப் பிறந்து பிற நகரங்களுக்கு நீண்ட சட்டம் இது. தியாகதுருகமோ பேரூராட்சி. இங்கே பொருந்துமா என்று அறிவிக்கையைப் பார்க்காமல் மனு எழுதுவது கட்சிக்காரர் காசில் நாம் சட்டம் படிப்பது.

நிலம் கோயிலுடையது என்றால் அந்தக் கதவும் இல்லை. 1996 திருத்தம் எல்லா மதங்களின் வழிபாட்டு நிறுவன, அறக்கட்டளை நிலங்களையும் சட்டத்துக்கு வெளியே எடுத்துவிட்டது. மயிலாப்பூர் கிளப் வழக்கில் 2005-இல் உச்ச நீதிமன்றமும் அது செல்லும் என்றது. இந்து சமய அறநிலையச் சட்டத்தின் 34-ஆம் பிரிவின்படி, கோயில் சொத்தை விற்கவோ ஐந்தாண்டுக்கு மேல் குத்தகைக்கு விடவோ ஆணையர் அனுமதி வேண்டும். கோயிலுக்குத் தேவை அல்லது நன்மை என்று காட்டவும் வேண்டும். குடியிருப்பவரின் நன்மை அங்கே கணக்கில் வராது. இதற்கு வெளியூர் உதாரணம் தேட வேண்டாம். 2019-இல் பிறந்த கள்ளக்குறிச்சி மாவட்டத்துக்கு ஆட்சியர் அலுவலகம் கட்ட, பக்கத்து வீரசோழபுரம் அர்த்தநாரீஸ்வரர் கோயில் நிலத்தை எடுக்கப் போனது அரசு. வழக்கு உயர் நீதிமன்றம் ஏறியது. கிரயம் என்று தொடங்கிய பேச்சு குத்தகை என்று மாறியது. அரசுக்கே கிரயம் கூடிவராத இடத்தில் கட்சிக்காரருக்கு வாங்கித் தருகிறேன் என்பது என்ன வாக்குறுதி?

கதவு திறந்திருந்த இடங்களும் உண்டு. தமிழ்நாட்டின் 1971-ஆம் ஆண்டு 40-ஆம் சட்டம், அவ்வாண்டு ஜூன் 19 அன்று குடியிருப்பு மனையில் இருந்த விவசாயியையும் விவசாயத் தொழிலாளியையும் மனைக்கு உரிமையாளராக்கியது. மேலே கல்வராயன் மலையில், ஜாகீர்தார்களிடம் இருந்த மூன்று ஜாகீர்கள் 1976-இல் அரசிடம் வந்தன; மண் யாருடையது என்ற கேள்வி அங்கும் அப்போது மாறியது. பழைய கிராமத்து மனை என்றால் இந்த வரலாற்றைத் தோண்டாமல் விடாதீர்கள். தாத்தா காலத்திலேயே வந்துவிட்ட உரிமையைத் தெரியாமல் பேரன் இன்னும் வாடகை கட்டிக்கொண்டிருக்கலாம்.

வாங்க முடியாதவர் என்ன செய்வார் என்பதை நம் சட்டங்கள் அதிகம் யோசிக்கவில்லை. அமெரிக்காவின் கலிபோர்னியாவில், வீடு தனது, மனை வாடகை என்று நகரும் வீடுகளில் வாழ்வோர் உண்டு. அந்த மனைத்தொகுதியைக் குடியிருப்போருக்கே விற்கும்போது, முதலில் அவர்களின் விருப்பத்தைக் கேட்டறிய வேண்டும். வாங்காத ஏழைக் குடும்பத்துக்கு வாடகை உயர்வில் வரம்பு உண்டு. வாங்கு, இல்லையேல் கட்டடத்துக்கு இழப்பீடு பெற்றுப் போ என்பதோடு நம் 1921 சட்டம் நின்றுவிடுகிறது.

ஆகவே கோயில் மனைக்காரருக்கு நாம் செய்யக்கூடிய நிஜமான வேலை சிறியது, பயனுள்ளது. ரசீது இன்னும் தாத்தா பெயரில் ஓடுகிறதா என்று பாருங்கள். குத்தகை முடிந்தோ ரத்தாகியோ இருப்பவரை அறநிலையச் சட்டத்தின் 78-ஆம் பிரிவு ஆக்கிரமிப்பாளர் என்றே கொள்கிறது. பாக்கியைத் தீர்க்கச் சொல்லுங்கள், வாரிசு பெயர் மாற்றத்துக்கு எழுதுங்கள். அதே சட்டத்தின் 34-ஏ பிரிவில் நியாய வாடகை உத்தரவு வந்து, தொகை மிகை என்று பட்டால், ஆணையரிடம் மேல்முறையீட்டுக்கு முப்பது நாள்தான். மனை வாங்கித் தரும் பேச்சில் அந்த முப்பது நாளைத் தொலைத்துவிடாதீர்கள்.